கல்லறைக்குள் ஆப்பு வைத்த இன்னாசி

மண் சிவப்பு, பனை கறுப்பு, பதநீர் இனிப்பு என்று தேரிக்காட்டு ஓரமாக ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரிலே இன்னாசி என்று ஒரு பனையேறி இருந்தானாம். அவனுக்கு வீடு ஒன்று, பெண்டாட்டி ஒன்று, பகை ஒன்று. வீடு மழைக்கு ஒழுகும். பெண்டாட்டி பேர் சலேத்து, சொன்ன பேச்சைக் கேட்கமாட்டாள். பகையை மட்டும் ஒரு பழுதும் வராமல் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தானாம்.

பகை யாரோடே? பக்கத்து வீட்டுத் தொம்மையோடே. அவனும் பனையேறிதான். எதுக்காகப் பகை? அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்காமல் கேளுங்கள், நியாயமான பகைதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலே ஒரு குருத்தோலை ஞாயிறு. இன்னாசி மூன்று நாள் உட்கார்ந்து, ஆணி இல்லாமல், பசை இல்லாமல், குருத்தோலையிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவை முடைந்தானாம். பவனிக்கு முன்னாலே பிடிக்கிற சிலுவை. கோயில் வாசலிலே சாய்த்து வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான். திரும்பி வந்து பார்த்தால் தொம்மையின் வெள்ளாடு சிலுவையிலே பாதியைத் தின்றுவிட்டு மீதியை மென்றுகொண்டு நிற்கிறதாம்.

ஆடு தின்றது கூடப் பெரிசில்லை. ஆட்டுக்கு ஓலைதானே தெரியும்? ஆனால் தொம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். "ஆட்டுக்கும் பக்தி வந்துட்டுதுவே!" என்று சொல்லி ஊரையும் சிரிக்க வைத்தானாம். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவன்தான் இன்னாசி. தொம்மை கிழக்கே பார்த்துப் பனையேறினால் இவன் மேற்கே பார்த்து ஏறுவான். தொம்மை கிணற்றுக்குக் குறுக்கு வழியிலே போனால் இவன் சுற்று வழியிலே போவான். பகையை வளர்ப்பதும் ஒரு பாடுதான், தெரியுமா? ஒரு நாள் விட்டால் வாடிவிடும்.

அந்தக் கோயிலிலே ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் பக்கத்திலே கல்லாலே கட்டின ஒரு கல்லறை. பெரிய வெள்ளி சாயங்காலம் அதற்குள்ளே ஒரு வெள்ளைத் துணியை மட்டும் வைத்து, வாசலை ஒரு பெரிய வட்டக் கல்லாலே மூடிவிடுவார்கள். ஈஸ்டர் அன்று விடியலிலே அந்தக் கல்லை உருட்டித் திறப்பார்கள். உள்ளே வெறும் துணி மட்டும் கிடக்கும். "இங்கே இல்லை, உயிர்த்துவிட்டார்!" என்று சாமியார் சொல்வார். வியாழக்கிழமையிலிருந்து வாய் கட்டிக் கிடந்த மணி அப்போதுதான் அடிக்கும். கல்லின் வலப்பக்கம் பிடிக்கிற உரிமை இன்னாசி வீட்டுக்கு, இடப்பக்கம் தொம்மை வீட்டுக்கு. தாத்தா காலத்து உரிமை. பகை வந்த பிறகும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பன்னிரண்டு ஈஸ்டருக்கு உருட்டியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் புதுச் சாமியார் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? குருத்தோலை ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"பகை வச்சிருக்கிற கை அந்தக் கல்லைத் தொடக்கூடாது. சமாதானமானவங்க தொடட்டும். ஆகாதவங்க தள்ளி நில்லுங்க."

வியாழக்கிழமை, கோயிலிலே மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்தான். "இன்னாசியண்ணே, ஒரு வார்த்தை பேசிருங்க" என்றான்.

"அந்தக் கல்லு தானா உருளட்டும், அப்புறம் பேசுறேன்" என்றான் இன்னாசி.

வெள்ளிக்கிழமை கஞ்சி ஊற்றும்போது சலேத்து சொன்னாள். "ஆண்டவரே சிலுவையில தொங்கிக்கிட்டு மன்னிச்சாரு. உங்களுக்குக் கஞ்சி குடிச்சுக்கிட்டு மன்னிக்க முடியலையாக்கும்?"

"அந்தக் கல்லு தானா உருளட்டும், அப்புறம் பேசுறேன்."

சனிக்கிழமை காலையிலே தொம்மையே வேலி ஓரமாக வந்து நின்றான். "இன்னாசி..." என்றான். இன்னாசி அவனைப் பார்க்கவில்லை. திரும்பி நாயைப் பார்த்தான். "ஏ நாயே, வந்தவங்ககிட்டச் சொல்லு. அந்தக் கல்லு தானா உருண்டா நான் பேசுவேன்னு சொல்லு" என்றான். நாய் என்ன சொல்லும்? வாலை ஆட்டியது. தொம்மை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

போனதும் இன்னாசிக்கு நெஞ்செல்லாம் எரிச்சல். தாத்தா தொட்ட கல், அப்பன் தொட்ட கல், சமாதானம் பேச வந்தவன் என்று நாளைக்குத் தொம்மை ஒருத்தனே தொடப்போகிறான். யோசித்தான், யோசித்தான், ஒரு யோசனை வந்தது. பனங்கட்டையிலே ஒரு ஆப்பு செதுக்கினான். உள்பக்கமாகக் கல்லுக்கு அடியிலே ஆப்பை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தொம்மை தள்ளுவான், கல் அசையாது, ஊர் சிரிக்கும். அப்புறம் சாமியாரே "இன்னாசி, வாப்பா" என்று கூப்பிடுவார். எப்படி யோசனை?

மத்தியானம் ஊரே ஒருசந்தி நோன்பிலே சுருண்டு கிடக்கிற நேரம். இன்னாசி கடப்பாரையை மாட்டிக் கல்லை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு நெம்பி, கடப்பாரையையே முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே புகுந்து, கல் ஓடுகிற தடத்திலே ஆப்பை வைத்தானாம்.

அந்த நேரம் பார்த்து யார் வந்தது தெரியுமா? தொம்மையின் ஆடு. சிலுவையைத் தின்ற ஆட்டின் பேத்தி. அதுக்கு முதுகு அரித்தது. கடப்பாரையிலே ஒரு தேய் தேய்த்தது. இரண்டாம் தேய் தேய்த்தது. மூன்றாம் தேய்க்குக் கடப்பாரை சாய்ந்தது, கல் உருண்டது, ஆப்பின் மேலே ஏறி 'டொம்' என்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே இன்னாசி. வெளியே ஆடு.

தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. ஆப்பைப் பிடுங்கிப் பார்த்தான், வரவில்லை. ஆப்பசைத்த குரங்குக்கு வால் போச்சு, ஆப்பு வைத்த இன்னாசிக்கு வாசலே போச்சு.

கொஞ்ச நேரத்திலே கோயில்பிள்ளை வந்தான். "யாரு கடப்பாரையை மறந்துட்டுப் போனது?" என்று தூக்கிக்கொண்டு போனான். இன்னாசி வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வான்?

சாயங்காலம் சலேத்து தேடி வந்தாள். "ஏங்க... ஏங்க..." என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். பதில் இன்னாசியின் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்திலே தொம்மை ஆட்டைத் தேடி வந்தான். ஒரு முழம் கல்லுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. இவன் தன் மூச்சையே பிடித்துக்கொண்டான். தொம்மை ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. குளிருக்கு அந்த வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லறைக்குள்ளே இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை? தன் பகையை எடுத்து எடுத்துப் பார்த்தான். வெளிச்சத்திலே பனை உயரத்துக்கு நின்ற பகை, இருட்டிலே தடவிப் பார்த்தால் ஒரு ஆடு மென்ற ஓலை அளவுதான் இருந்ததாம்.

விடிந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டு ஊரே வந்தது. தொம்மை ஒருத்தனாக இடப்பக்கம் நின்று தள்ளினான். அசையவில்லை. இன்னொரு தள்ளு, அசையவில்லை. மூன்றாம் தள்ளுக்கும் அசையவில்லை.

இன்னாசி நினைத்தபடி ஊர் சிரித்ததா? ஒருத்தரும் சிரிக்கவில்லை. பொம்பிளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். "கல்லு திறக்காம எப்படிச் சாமி மணி அடிக்கும்? எப்படி ஈஸ்டர் வரும்?" என்றார்கள்.

தொம்மை கல்லிலே நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னானாம். "சாமி, இன்னாசி இல்லாம இது உருளாது. அவனைக் கூப்பிடுங்க. அவன் மூணு நாள் முடைஞ்ச சிலுவை அது. ஆடு தின்னதுக்கு நான் அழுதிருக்கணும், சிரிச்சுப்புட்டேன். அவன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

பன்னிரண்டு வருஷமாக எந்தப் பேச்சுக்குக் காத்திருந்தானோ அந்தப் பேச்சு. அதைக் கல்லறைக்குள்ளே குந்தியிருந்து கேட்க வேண்டியதாகிவிட்டது, பாருங்கள். இன்னாசி கல்லோடு வாயை வைத்தான்.

"தொம்மை..." என்றான்.

கல்லறைக்குள்ளேயிருந்து குரல்! ஒரு கிழவி முழங்காலிலே விழுந்தாள். "ஆண்டவர் பேசுறாரு! தொம்மையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு!" என்று கத்தினாள். ஊரே முழங்காலிலே விழுந்தது. சலேத்து மட்டும் நின்றுகொண்டே காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"எந்திரிங்க எல்லாரும். ஆண்டவரும் இல்ல, சம்மனசும் இல்ல. இது எங்க வீட்டு ஆளு."

"ஏலே இன்னாசி, உள்ள என்னலே பண்ணுத?" என்றான் தொம்மை.

"கல்லுக்கு அடியில ஆப்பு இருக்கு."

"ஆப்பா? யாருலே வச்சது?"

இன்னாசிக்கு அந்த ஒரு வார்த்தை கல்லைவிடக் கனமாக இருந்தது.

"நான்தான் வச்சேன். நீ ஊர் முன்னாடி தோக்கணும்னு வச்சேன்" என்றான்.

அப்புறம் தொம்மையின் குரல் கேட்டது. "கோயில்பிள்ளை, அந்தக் கடப்பாரையைக் கொண்டா. ஏலே இன்னாசி, நான் இடப்பக்கம் நெம்புதேன். கல்லு ஒரு விரக்கடை எழும்பும்போது நீ ஆப்பை உருவு. அப்புறம் வலப்பக்கம் உன் தோளைக் கொடு. அது உன் பக்கம்தானே?"

ஒன்று என்றான் தொம்மை, இரண்டு என்றான் இன்னாசி, மூன்று என்றது ஊர். ஆப்பு வந்தது, கல் உருண்டது. தலையெல்லாம் ஒட்டடையும் வௌவால் எச்சமுமாக, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையிலே ஆப்போடு வெளியே வந்து நின்றான் இன்னாசி.

தொம்மையின் உதடு துடித்தது. வாயைக் கையாலே பொத்திக்கொண்டான். கண்ணிலே தண்ணீர் முட்டியது.

இன்னாசி அவனைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து முகத்துக்கு நேராகப் பார்த்தான். "சிரிச்சுத் தொலையேன்வே" என்றான்.

அவ்வளவுதான். தொம்மை சிரித்தான், இன்னாசி சிரித்தான், சாமியாரும் சிரித்தார், கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மணியை அடித்தான்.

ஆனால் செய்த தப்பு சும்மா போகுமா? சாமியார் அபராதம் போட்டார். அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு இன்னாசி இன்னொரு சிலுவை முடைய வேண்டும், மிஞ்சுகிற ஓலையை அந்த ஆட்டுக்குத் தன் கையாலேயே ஊட்டிவிட வேண்டும். ஊட்டினானாம். ஆடு அவன் துண்டையும் சேர்த்துத் தின்றதாம்.

அன்றிலிருந்து அந்த ஊரிலே ஒரு வழக்கம். பெரிய வெள்ளி அன்று கல்லை மூடுவதற்கு முன்னாலே கோயில்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது பகையோட உள்ள இருக்கியளா?" என்று மூன்று தடவை கேட்பான். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூடுவார்கள். ஈஸ்டர் விடியும்போது கல்லறை காலியாக இருக்க வேண்டும் அல்லவா?

கல்லும் உருண்டது, மணியும் அடித்தது, ஆடும் படுத்தது. நீங்களும் படுங்கள்.