இடது மூலை

தென்கடல் பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர் ஜெசிந்தாவை ஆட்டக்காரிகள் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் சில நேரம் பதில் வரும். சில நேரம் வேலை வரும்.

அணியின் இடது மூலையில் நின்றவள் அருள்விழி. மாஸ்டரைவிட நாலைந்து வயதுதான் இளையவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். எதிரணியிலிருந்து பாடி வருகிறவள் நம் பக்கத்து ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவாள் அல்லவா, அந்த நேரத்தில் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடிப்பது அருள்விழியின் வேலை. அவள் கைக்குள் போன கால் வீடு திரும்பாது என்று மற்ற அணிகளில் பேசிக்கொள்வார்கள்.

அந்த சீசனில் தென்கடல் நன்றாக ஆடியது. ஊர் ஊராகப் போய் ஜெயித்துவிட்டு வந்தது. கோப்பை இந்தத் தடவை நமக்குத்தான் என்று மேனேஜர் ஜெயசீலன் வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பிறகு சொந்த ஊரில் காவிரி அணியோடு ஆட்டம் வந்தது.

காவிரியின் லோகேஸ்வரி பாடி வந்தாள். தொடரிலேயே வேகமான பெண். வலது பக்கம் போவதுபோல் காட்டிவிட்டு இடது மூலையை எட்டித் தொட்டாள். தொட்ட வேகத்தில் நடுக்கோட்டை நோக்கித் தாவினாள். அருள்விழியின் கை அதற்கு முன்பே அவள் கணுக்காலில் இருந்தது.

அது நல்ல பிடி. விதிக்கு உட்பட்ட பிடி. ஆனால் லோகேஸ்வரி அந்தரத்தில் இருந்தாள். இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக முறுக்கிக்கொண்டு விழுந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். தென்கடலுக்குப் பாயிண்ட். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"அக்கா, காலை விடுங்க," என்றாள் லோகேஸ்வரி.

அருள்விழி எப்போதோ விட்டிருந்தாள்.

முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் நடந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கால்களைப் பற்றிக் கேட்டபோது டாக்டர்கள் வேறு விஷயம் பேசினார்கள்.

மறுநாள் காலை அருள்விழி அரங்கத்துக்குப் போனாள். மாஸ்டர் அங்கே தனியாக முழங்காலிட்டு, தரையில் விரித்த ரப்பர் மேட்டின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்டுல குறையா மாஸ்டர்?"

"இல்ல. முழுசும் பார்த்துட்டேன்."

"அப்ப என் மேலயா?"

"அதையும் பார்த்தேன். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உன் மேல தப்பில்ல."

அருள்விழி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

"தப்பில்லன்னா எனக்கு ஏன் தூக்கம் வரல?"

மாஸ்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தப்பா இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுத் தூங்கிடலாம்," என்றார்.

அடுத்த ஆட்டத்தில்தான் அது தெரிந்தது. ஒருத்தி பாடி வந்தாள். அருள்விழி பாய்ந்தாள். கை சரியாகப் போய்க் கணுக்காலைப் பற்றியது. பற்றியதும் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. வந்தவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தான் எப்படித் தப்பித்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

விஷயம் மற்ற அணிகளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் தென்கடலின் இடது மூலையைத் தேடியே வந்தார்கள். தென்கடல் தோற்றது. தோற்றுக்கொண்டே இருந்தது. பட்டியலில் மேலே இருந்த பெயர் நடுவுக்கு வந்தது.

மாஸ்டர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஆடுகிறவர்கள் பெயரை வாசிப்பார். "இடது மூலை, அருள்விழி." குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது.

ஜெயசீலன் வந்து பேசினார். "மேடம், முதலாளி கேக்கறாரு. அந்தப் பொண்ணை இன்னும் ஏன் இறக்கறீங்க?"

"மூலையில நிக்க ஆள் வேணுமே."

"வெளிய ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே!"

"இருக்காங்க," என்றார் மாஸ்டர். ஜெயசீலன் அடுத்த சீசனுக்கு வேறு பயிற்சியாளரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப்டன் முத்தழகிக்கும் பொறுமை போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "மாஸ்டர், நாங்க ஆறு பேரும் உயிரைக் குடுத்து ஆடறோம். ஏழாவது ஆள் கதவைத் திறந்து விடறா. இது எங்களுக்கு நியாயமா?"

"நியாயமில்ல," என்றார் மாஸ்டர்.

அருள்விழி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மாஸ்டர் தன் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அருள்விழி கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை வெளிய உட்கார வைங்க மாஸ்டர்."

"உட்கார்ந்து என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"அதை இப்ப உள்ள நின்னே செய்யற."

அருள்விழிக்குக் கோபம் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த கோபம். "அப்ப நான் என்னதான் செய்யணும்? நீங்களே சொல்லுங்க. பிடிக்கப் போனா அவ விழுந்த சத்தம் கேக்குது. காது கேக்குறதை நான் என்ன செய்ய முடியும்?"

மாஸ்டர் குழாயை மூடினார்.

"நாளைக்குப் பயிற்சிக்கு வராத. பஸ் ஸ்டாண்டுக்கு வா."

எங்கே போகிறோம் என்று மாஸ்டர் சொல்லவில்லை. குளித்தலை என்று டிக்கெட் கேட்டபோது அருள்விழிக்குப் புரிந்துவிட்டது. லோகேஸ்வரியின் ஊர். இறங்கிவிடலாமா என்று ஒருமுறை எழுந்தாள். மாஸ்டர் காலை மடக்கி வழிவிட்டார். அருள்விழி மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. எதிரே டீக்கடை.

"நான் இங்க இருக்கேன்," என்று மாஸ்டர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் திறந்தவர் லோகேஸ்வரியின் அம்மா. யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

லோகேஸ்வரி தலையணைகளில் சாய்ந்து படுத்திருந்தாள். தோள்கள் மட்டும் பழையபடி இருந்தன. போர்வைக்குக் கீழே உடம்பு மெலிந்து கிடந்தது.

"வாங்கக்கா. மன்னிப்புக் கேக்க வந்திருந்தா வேண்டாம். ரூல்படிதான் பிடிச்சீங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டேன்."

அருள்விழி நின்றபடியே இருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தது அந்த மன்னிப்பு ஒன்றைத்தான்.

"உங்க மேட்ச் ஒண்ணு விடாம டிவியில பார்க்கறேன்," என்றாள் லோகேஸ்வரி. "அந்த நந்திதா கூட உங்ககிட்டருந்து தப்பிச்சுப் போறாளே? அவளை ஒரு ரெய்டர்னே நான் நினைச்சதில்ல. அவ ஓடக்கூட இல்லக்கா. நடந்து போறா."

"என்னால முடியல லோகு."

"ஏன்?"

"உன் நினைப்புதான்."

"எனக்காகவா விடறீங்க?"

ஆமாம் என்று அருள்விழி தலையசைத்தாள்.

லோகேஸ்வரியின் முகம் மாறியது. "எனக்காகன்னு எதையும் செய்யாதீங்க. பார்க்க வர்றவங்க யார் பிடிச்சான்னு கேப்பாங்க. அருள்விழின்னு சொல்லுவேன். அவ பிடிச்சா யாரால தப்பிக்க முடியும்னு சொல்லுவாங்க. அது ஒண்ணுதான்க்கா எனக்கு மிச்சம். இப்ப யார் யாரோ தப்பிச்சுப் போறாங்க. அப்ப நான் மட்டும் எதுக்கு விழுந்தேன்?"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அருள்விழியைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அம்மா உள்ளே வந்தார். மகளின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகு போர்வையை விலக்கினார். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகில் புண் வந்துவிடும், புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் அது. வழக்கமாக உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரி அன்று வரவில்லை.

"அந்தக் காலைக் கொஞ்சம் பிடிம்மா," என்றார். அருள்விழியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அருள்விழி குனிந்தாள். இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள்.

"பிடிச்சிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"பிடிச்சிருக்கேன்."

"தெரியல," என்றாள் அவள்.

அம்மா தோள் பக்கம் தூக்க, அருள்விழி கால் பக்கம் தூக்கினாள். மெதுவாகத் திருப்பினார்கள். முழுசாகத் திரும்பி, தலையணை வைத்து, அம்மா போதும் என்று சொல்லும்வரை அருள்விழி கையை எடுக்கவில்லை.

பஸ் ஏறித் திரும்பினார்கள். பாதி வழியில் அருள்விழிதான் பேசினாள்.

"காலு ரொம்பக் கனம் மாஸ்டர். ஆட்டத்துல பிடிக்கும்போது கனமே தெரிஞ்சதில்ல."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீக் சுற்றின் கடைசி ஆட்டம் காவிரி அணியோடு, அவர்கள் ஊரில். ஜெயித்தால் தென்கடல் அரையிறுதிக்குப் போகும். தோற்றால் சீசன் முடிந்தது.

"இடது மூலை, அருள்விழி," என்று மாஸ்டர் வாசித்தார். முத்தழகி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

முதல் பாதியில் அருள்விழி இரண்டு பேரை விட்டுவிட்டாள். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. காவிரி வெகுதூரம் முன்னால் போய்விட்டது.

இரண்டாம் பாதியில் காவிரியின் புதுப் பெண் ஒருத்தி பாடி வந்தாள். லோகேஸ்வரியின் இடத்துக்கு எடுத்த பெண். அவளும் இடது மூலையைத் தொட்டாள். அவளும் தாவினாள்.

அருள்விழியின் கை அவள் கணுக்காலைப் பற்றியது. விரல்கள் திறக்கப் பார்த்தன. திறக்கவில்லை. பிடித்த காலை மார்போடு அணைத்துக்கொண்டு அருள்விழி தன் உடம்பை அந்தப் பெண்ணுக்குக் கீழே தள்ளினாள். மேலே இருந்து விழுந்த கனம் முழுவதும் அவள் தோளில் இறங்கியது.

விசில் ஊதிய பிறகும் அருள்விழி பிடியை விடவில்லை. "எந்திரிச்சு நில்லு. நீ எந்திரி முதல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் திகைத்துப்போய், ஒரு கால் இன்னும் பிடியில் இருக்க, மறுகாலை ஊன்றி எழுந்தாள். அப்போதுதான் அருள்விழி விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் இடது மூலை வழியாக யாரும் திரும்பிப் போகவில்லை. இருந்தும் தென்கடல் தோற்றது. நேரம் போதவில்லை.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. முத்தழகி ஐஸ் பையைக் கொண்டுவந்து அருள்விழியின் தோளில் வைத்து, தானே சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அருள்விழியின் போன் அடித்தது. குளித்தலையிலிருந்து லோகேஸ்வரியின் அம்மா.

"ஆட்டம் பார்த்தா. பிடிச்சதும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினா. அவ டீமுக்குப் பாயிண்ட் போச்சாம்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான்மா வீட்டுல சத்தம் கேட்டுச்சு. பிடிமானம் இல்லாம உட்கார்ந்துகிட்டே திட்டினா."

கால்களைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அருள்விழியும் கேட்கவில்லை.

மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிடிச்சப்பவும் விரல் திறக்கப் பார்த்துச்சு மாஸ்டர்," என்றாள் அருள்விழி. "சத்தமும் கேட்டுச்சு. இனிமேலும் கேக்கும். அது போகாது."

"ம்."

"அந்த மூலைக்கு வேற ஆளைப் பாருங்க. பயம்னா என்னன்னு தெரியாத பொண்ணா யாரையாவது."

"அப்படி ரெண்டு பேர் இந்த சீசன் முழுக்க வெளிய உட்கார்ந்திருந்தாங்க."

"அவங்களை இறக்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாமே. ஏன் இறக்கல?"

மாஸ்டர் ஐஸ் பையை எடுத்து, தண்ணீரை உதறிவிட்டு, மறுபடி அவள் தோளில் வைத்தார்.

"ஒரு காலுன்னா என்னன்னு தெரிஞ்சவ நம்ம டீம்ல நீ ஒருத்திதான். வேற யாரை அங்க நிறுத்தச் சொல்ற?"