குழம்பு வாளி தூக்கின தாய்மாமன்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மேகம் வாசப்படி வரைக்கும் வந்து படுத்துக்கிற ஒரு மலைமேல, பனிக்குடின்னு ஒரு நாடு இருந்துச்சு. சேந்தன்னு ஒரு ராஜா அதை ஆண்டுகிட்டிருந்தாரு. ஆண்டாருன்னா, காலையில ஒரு சட்டம் போடுவாரு, மத்தியானம் தூங்கி எந்திரிச்சு "இதை எந்த மடையன் போட்டான்?"னு கேப்பாரு.

அவரு மறக்காத சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அருவி பாக்க, பனி பாக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க உள்ள நுழைய முத்திரை ஓலை வாங்க வேண்டாம், சும்மா வரலாம். ஆனா அரை வருஷத்துல மூணு மாசத்துக்கு மேல தங்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் கையில காசு இருக்கணும். திரும்பிப் போவேன்னு நம்புற மாதிரி சொல்லணும். முக்கியமா, வந்த இடத்துல வேலை பாக்கக் கூடாது. பாத்தா அன்னைக்கே மலையை விட்டு இறக்கிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் ஏற முடியாது.

இந்த யோசனையைச் சொன்னது அமைச்சர் கூத்தன். அதனாலேயே கலியராயருக்கு அது பிடிக்கல. கலியராயருக்குச் சபையில என்ன வேலைன்னா, ராஜா தும்மினா "ஆகா!"ங்கிறது. ஆனா ராஜா கூத்தன் பேசினா சிரிப்பாரு, கலியராயர் பேசினா கொட்டாவி விடுவாரு. மனுசன் எத்தனை நாள் பொறுப்பாரு?

அந்தச் சமயத்துல கீழ்நாட்டுல இருந்து வீரணன்னு ஒருத்தன் ஏறி வந்தான். அவன் அக்கா பனிக்குடியில வாக்கப்பட்டவ. அக்கா மக அல்லிக்குக் கல்யாணம்.

"எதுக்கு வந்தே?"ன்னான் வாசல் காவக்காரன்.

"கல்யாணத்துக்கு. அப்படியே அருவியும் பாத்துக்குவேன்."

"பாத்துட்டு இங்கயே தங்கிட்டா?"

"எம் பொண்டாட்டி வந்து இழுத்துட்டுப் போவா. அவளுக்கும் ஓலை வேண்டாமில்ல?"

காவக்காரனும் கல்யாணமானவன். கதவைத் திறந்துட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பந்தி. கலியராயர் ஆளுங்களோட போய், வீரணனைக் கையும் வாளியுமா பிடிச்சு, குழம்பு ஆறுறதுக்குள்ள சபையில கொண்டுவந்து நிறுத்திட்டாரு. பின்னாடியே அக்காகாரி ஓடி வந்தா.

"மகாராஜா! சுத்திப் பாக்க வந்தவன் பந்தியில குழம்பு ஊத்துறான். இது வேலையில்லாம என்ன? ஓலையில்லாம விடலாம்னு சொன்னாரே கூத்தனார், பாத்துக்குங்க!"ன்னாரு கலியராயர்.

ராஜா நிமிந்து உக்காந்தாரு. "ஏம்ப்பா, வாளி தூக்கினியா இல்லையா?"

"தூக்கினேனுங்க. ரெண்டாம் பந்தியில ரசமும் தூக்கினேன்."

கூத்தன் கண்ணை மூடிக்கிட்டாரு. கேக்காததுக்கும் பதில் சொல்ற ஆளை எப்படிக் காப்பாத்துறது?

"இறக்கி விடுங்க"ன்னாரு ராஜா.

அக்கா அலறினா. "விடிஞ்சா முகூர்த்தம் சாமி! தாய்மாமன் மாலை போடாம எம் பொண்ணு எப்படி மணவறை ஏறுவா?"

"வேற யாராச்சும் போடட்டும்"னாரு கலியராயர்.

"மாமனைச் சந்தையில விக்கிறாங்களாய்யா?"

கூத்தனுக்குச் சட்டம் தெரியும். அதைவிட நல்லா மாமன்களைத் தெரியும். அவரு கல்யாணத்துல ஒரு மாமா, பாயசம் தனக்குக் கடைசியா வந்துச்சுன்னு, தாலி கட்டுற நேரத்துல மாட்டுத் தொழுவத்துல போய் உக்காந்துட்டாரு. அந்த ஞாபகம் வந்ததும் அவருக்கு முகம் தெளிஞ்சிடுச்சு.

"மகாராஜா, கலியராயர் சொல்றது சரி. வேலைதான்."

கலியராயருக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு.

"ஆனா வேலைன்னா கூலி உண்டு. கூலி தராம அனுப்பினா நம்ம நாட்டுக்குத்தான் கெட்ட பேரு. கண்டுபிடிச்சவரு கையாலயே தரட்டும்."

"கொடுய்யா"ன்னாரு ராஜா.

கலியராயர் மடியில இருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து நீட்டினாரு. "இந்தாப்பா, குழம்பு ஊத்தினதுக்குக் கூலி. சிந்தாம ஊத்தினே, அதுக்குச் சேத்து இன்னொண்ணு."

வீரணன் காசைப் பாத்தான். கலியராயரைப் பாத்தான். கழுத்து நரம்பு புடைச்சுது.

"கூலியா? எங்கக்கா மக கல்யாணத்துல எனக்குக் கூலியா?" வாளி பறந்துச்சு. மிச்சக் குழம்பு பூரா கலியராயர் பட்டு வேட்டியில. "அக்கா! இது உன் புருஷன் சொல்லிக் கொடுத்த வேலைதானே? இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். நான் வச்ச சீர்த்தட்டை எடு!"

"அவரு பாவம், வீட்டுல வாழைமரம் கட்டிக்கிட்டிருக்காருடா!"

"அவரு மட்டும் யோக்கியமா?"

கூத்தன் மெதுவா ராஜா பக்கம் திரும்பினாரு. "மகாராஜா, கூலியை நீட்டினா இந்தக் குதி குதிக்கிற வேலைக்காரனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் காதுல வந்து நின்னுச்சு. "இவன் வேலைக்காரன் இல்லய்யா, அசல் சொந்தக்காரன்! வீரணா, நீ தாராளமா தங்கலாம்."

"யாருக்கு வேணும் உங்க நாடு? நான் இறங்குறேன்." துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயே போயிட்டான்.

அக்கா கூத்தனைப் பாத்தா. "நல்லாக் காப்பாத்தினீங்கய்யா."

"பொறும்மா. மகாராஜா, கோச்சுக்கிட்ட மாமனை அழைக்கிறதுக்கு ஒரு முறை உண்டு. கோவப்படுத்தினவரே தாம்பூலத் தட்டோட போய்க் கூப்பிடணும்."

"நானா? இந்த வேட்டியோடயா?"ன்னாரு கலியராயர்.

"மாத்த நேரமில்ல. ஆளு இறங்கிட்டிருக்கான், ஓடு!"ன்னாரு ராஜா.

நரைச்ச மீசையோட கலியராயர் மேகத்துக்குள்ள ஓடினாரு. "மாமா! நில்லுங்க மாமா!"

"யாருய்யா உனக்கு மாமா? உன் வயசென்ன, என் வயசென்ன?"

ஒவ்வொரு வளைவுலயும் கெஞ்சினாரு. அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேல, கலியராயர் நெடுஞ்சாண்கிடையா விழுந்ததுக்கு அப்புறம்தான் வீரணன் வெத்தலையைத் தொட்டான்.

மறுநாள் அல்லி கழுத்துல மாமன் மாலை விழுந்துச்சு. கூத்தனுக்கு ராஜா தன் முத்துமாலையையே கழட்டிப் போட்டாரு. முதல் பந்தியில ராஜா, கூத்தன், கலியராயர் மூணு பேரும் வரிசையா உக்காந்தாங்க. வீரணன் வாளியோட வந்தான். ராஜாவுக்கு ரெண்டு கரண்டி, கூத்தனுக்கு மூணு. கலியராயர் இலைகிட்ட வந்ததும் வாளியைக் கீழ வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டான்.

"குழம்பு ஊத்துப்பா."

"மன்னிக்கணுங்க. நான் சுத்திப் பாக்க வந்தவன். வேலை பாக்கக் கூடாதாம்."