கப்பலிலிருந்து எழுதிய கரை

"அம்மை, இந்தக் குழாய் பொய் சொல்லுமா?"

ஓபளராசு இப்படிக் கேட்டபோது அம்மை பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவருக்கு வயது அறுபது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அரண்மனைச் சித்திரக்காரர், அவள் உப்பளத்துக் கூலி. ஆனாலும் பதினோரு வருடமாக, சந்தேகம் வந்தால் அவர்தான் அவளைத் தேடி வருகிறார்.

நானூறு வருடத்துக்கு முந்திய கதை இது.

கரைக்கு அப்பால் ஒரு பறங்கிக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. சரக்கு வைக்க ஒரு கிடங்கும் அதைச் சுற்றி மதிலும் கட்டிக்கொள்ள இடம் வேண்டுமென்று அதன் தலைவன் நாட்டை ஆண்ட நாயக்கரிடம் விண்ணப்பம் வைத்திருந்தான். கடலிலிருந்து உப்பளத்து வரப்பு வரை கேட்டான். வெறும் மணல்தான், யாருக்கும் உதவாத இடம் என்று அவன் பேச்சை மொழிபெயர்த்த துபாஷி எடுத்துச் சொன்னான்.

நாயக்கர் இருந்த ஊர் கடலுக்கு மூன்று நாள் பயணம். அவர் ஓபளராசுவைக் கூப்பிட்டு, அந்த இடத்தைச் சித்திரமாக எழுதிக்கொண்டு வாரும், கண்ணால் பார்த்துவிட்டு முத்திரை வைக்கிறேன் என்றார்.

பறங்கிகள் ஓபளராசுவை மரியாதையாகக் கப்பலுக்கு அழைத்துப் போனார்கள். மேல்தட்டில் நாற்காலி போட்டு, கையில் ஒரு பித்தளைக் குழாயைக் கொடுத்தார்கள்.

அதைக் கண்ணில் வைத்துக் கரையைப் பார்த்தார். மணலில் நண்டு வளை தெரிந்தது. பனைமரத்தில் கட்டியிருந்த கலயத்தின் விளிம்பு தெரிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பிறையைக் காட்டினார்கள். அதில் மேடும் பள்ளமுமாக இருந்தது. நாற்பது வருடமாகக் கோயில் விதானங்களில் அவர் எழுதிய நிலாவெல்லாம் வெள்ளித் தட்டு போல வழவழப்பானவை.

நான்கு நாள் கப்பலில் உட்கார்ந்து கரையை எழுதினார். முத்திரை விழுந்துவிட்டால் இதே போல ஒரு குழாயை உமக்கே தருகிறோம், கண்ணாடி தேய்க்கும் வித்தையும் சொல்லித் தருகிறோம் என்றான் தலைவன். இந்தக் குழாயை நாயக்கருக்குக் காணிக்கையாகக் கொடுத்தனுப்பினான்.

அதைத்தான் இப்போது அம்மையிடம் நீட்டினார்.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொக்கைப் பார்த்தாள். வரப்பைப் பார்த்தாள். தன் கால் விரலைப் பார்க்கப் போய், ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்தாள். மறுபடி வெகுநேரம் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சாமான்" என்றாள். "பொய் சொல்லவில்லை. எழுதினதைக் காட்டும்."

அவர் துணியை விரித்தார். அலை, நுரை, தாழம்புதர், பனை, மணல்மேடு, மேட்டின்மேல் காற்று கிழித்த கோடு எல்லாம் இருந்தன. அவர் கை எழுதியதிலேயே அருமையான படம் அது.

"என் வீடு எங்கே?"

ஓபளராசு மணல்மேட்டைக் காட்டினார். உப்பளத்தாரின் வீடுகள் மேட்டுக்கு இந்தப் பக்கம், வரப்புக்கு முன்னால் இருப்பதால் கப்பலிலிருந்து தெரியவில்லை என்றார். தெரிந்ததை மட்டுமே எழுதினேன், இல்லாதது ஒன்றையும் சேர்க்கவில்லை என்றார்.

அம்மை ஒப்புக்கொள்கிறவள் போலத் தலையாட்டினாள்.

"அங்கிருந்து பார்த்தபோது கப்பல் எப்படித் தெரிந்தது?"

"கப்பலா? நான்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேனே, அம்மை."

அவள் குழாயை அவர் கையில் வைத்தாள்.

"மேட்டில் ஏறி உட்காரும். அதையும் எழுதும்."

நாயக்கர் கேட்டது கரையைத்தான், கப்பலை அல்ல என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் பாத்திக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

ஓபளராசு மேட்டில் ஏறினார். வெறும் கண்ணுக்குக் கப்பல் தண்ணீரில் மிதக்கிற காய்ந்த இலை மாதிரி இருந்தது. குழாயை வைத்தார்.

மேல்தட்டில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படியே கிடந்தது. அதில் வேறொருவன் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக் கரையைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு படகு. அதிலிருந்தவன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்த்தான். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி இறக்கினான்.

பிறகு குழாயைக் கப்பலின் பக்கவாட்டுக்குத் திருப்பினார். அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். கப்பலில் ஏறிய அன்றே அவற்றைக் கவனித்திருந்தார். மூடியிருந்தன. அவற்றுக்குப் பூசிய சிவப்பை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டிருந்தார்.

இன்று வெக்கைக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பீரங்கியின் வாய். பன்னிரண்டு இருந்தன. நான்கு நாளும் அவற்றுக்கு மேலேதான் அவர் உட்கார்ந்து நண்டு வளையை எழுதியிருக்கிறார்.

குழாயைக் கீழே வைத்தார். பிறகு இன்னொரு துணியை எடுத்தார்.

அரண்மனையில் நாயக்கர் முதல் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். துபாஷி சொன்னது சரிதான், மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லி முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். முத்திரைக்காக வந்து நின்ற பறங்கித் தலைவன் சித்திரக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

ஓபளராசுவுக்கு அவன் தருவதாகச் சொன்ன குழாயின்மேல் ஆசை விட்டுப்போகவில்லை. அந்த நிலாவை இன்னும் ஒரு தரம், நிதானமாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது துணியை விரித்தார்.

தலைவனின் புன்னகை மறைந்தது. நாயக்கர் குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிக் கதவுக்கு வந்ததும் மோதிரத்தை மறுபடி விரலில் போட்டுக்கொண்டார்.

"நான் கரையைத்தானே கேட்டேன்" என்றார். "இதை எழுதும்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்?"

"முதல் படத்தில் வெறும் மணலாகத் தெரிகிற மேட்டின்மேல், மகாராஜா. என் முதுகுக்குப் பின்னால் நாற்பது வீடுகள் இருந்தன."