மோர்மிளகாய் காய்ந்த கார்

ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகன்கள் வாய்த்தால், ஒருவர் இலையில் விழும் மீன் துண்டை மற்றவர் எண்ணத்தான் செய்வார். சீனியம்மாளின் மூத்த மருமகன் தங்கப்பாண்டியும் எண்ணினார். இளைய மருமகன் நவநீதன் இலையில் மூன்று. தம் இலையில் ஒன்று, அதுவும் வால்.

நவநீதன் கல்யாணமான முதல் ஆடிக்குப் புதுக் காரில் வந்திருந்தார். கார் வாசல் முற்றத்தில் நிற்க வேண்டுமென்று தங்கப்பாண்டியின் மொபெட் தெருவுக்குப் போனது.

"நீங்க நம்ம வீட்டு ஆளு மாப்பிள்ளை, கோவிச்சுக்க மாட்டீங்க" என்றார் மாமியார். ஒன்பது வருஷமாகத் தங்கப்பாண்டி கேட்டுவரும் அதே சமாதானம்.

மறுநாள் விருந்துண்ட களைப்பில் நவநீதன் உறங்கிவிட்டார். உலர்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன தங்கப்பாண்டி கீழே பார்த்தார். இளையவர் ஊருக்குக் கொண்டுபோகட்டும் என்று ஊறவைத்த மோர்மிளகாயை, சீனியம்மாள் காரின் கூரைமேல் வேட்டி விரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். அங்கே கோழி எட்டாது, தகரமும் கொதிக்கிறது. ஆடிக் காற்று வேட்டியைத் தூக்கவே, பக்கத்துக் கட்டட வேலைக்குக் குவித்திருந்த ஜல்லியில் பெரிதாகப் பொறுக்கி மூலைக்கு ஒன்றாக வைத்தார். கல் பட்டால் காரின் பெயிண்ட் போய்விடும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

தங்கப்பாண்டிக்குத் தெரியும். 'அத்தை' என்ற சொல் தொண்டைவரை வந்தது. தமக்கு ஒருநாளாவது மோர்மிளகாய் கட்டிக் கொடுத்ததுண்டா என்று நினைத்தார். சொல் உள்ளே போய்விட்டது. துணியை மடித்துக்கொண்டு இறங்கினார்.

காற்று வேட்டியை இழுத்தது. விளிம்புக்கு வெளியே நீண்ட கல் முனைகள் தகரத்தை உரசியபடி கூடவே இழுபட்டன. சாயங்காலம் மிளகாயை அள்ளிய சீனியம்மாள், கூரையில் நீளநீளமாய்க் கோடுகள் கண்டார். முந்தானையால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. மகளை மருமகன் ஏதும் சொல்லிவிடுவாரோ என்று அவர் வாய் திறக்கவில்லை. கீழே நிற்பவர் கண்ணுக்குக் கூரை தெரியாதே.

இரண்டு நாள் கழித்து, செல்போனில் பேச மாடி ஏறிய நவநீதன் கண்டுவிட்டார். இறங்கி வந்து எட்டிப் பார்த்தால், கோட்டுக்குள் ஜல்லித் தூள் இருந்தது. வேறு விசாரணை அவருக்குத் தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க் கொத்தனார் சூசையைப் பிடித்தார்.

"மேல இருந்து கல்லைப் போட்டது நீதானே?"

"கல்லு விழுந்தா குழி விழும் சார். உட்கார்ந்து கோலமா போடும்?"

மேஸ்திரிக்கு வம்பு பிடிக்காது. "நாளையிலேருந்து நீ வராதே" என்று சூசையிடம் சொல்லிவிட்டார். சூசை சாந்துக் கரண்டியைக் கழுவத் தொடங்கினார்.

அப்போதுதான் தங்கப்பாண்டி, தெருவே கேட்கும்படி, "அந்த ஆளை விடுங்க சகலை. கல்லு வச்சது நம்ம அத்தை. மாடியில நின்னு நானே பார்த்தேன்" என்றார்.

சூசையின் பிழைப்புத் தப்பியது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த சீனியம்மாள் தலை கவிழ்ந்து உள்ளே போனார். "பிந்தினாலும் மூத்தவர் உண்மையைச் சொன்னாரே" என்று தெருவில் நின்றவர்கள் மெச்சினார்கள்.

செய்துவிட்டு மறைத்தவர் மாமியார். விசாரியாமல் பழி போட்டவர் இளையவர். பார்த்துவிட்டுப் பிந்திச் சொன்னவர் மூத்தவர். கேட்பவர்களே, இவர்களில் யார் குற்றம் பெரிது?

விடை: மூத்தவர் குற்றம்தான். மாமியார் அறியாமல் செய்து, அஞ்சி மறைத்தார். இளையவர் ஆத்திரத்தில் தவறினார். சூசையிடம் மன்னிப்புக் கேட்டு அதைத் திருத்திக்கொள்ளலாம். சூசையைக் காத்த வகையில் தங்கப்பாண்டி செய்தது சரியே. ஆனால் சேதத்தை அவர் பிந்திச் சொன்னார் என்றுதான் தெரு நினைத்தது. கல் வைக்கும்போதே வாய் திறந்திருந்தால், பிந்திச் சொல்வதற்குச் சேதமே இருந்திராது.