வினைச்சொல்லுக்குப் பக்கத்து வீடு

அந்தக் காலத்தில், நாய்களும் பேசிக்கொண்டிருந்த நாளில், கடலோர மலைகளில் வாழ்ந்த பாஸ்க் மக்களின் மொழியில் சொற்களுக்கு ஒழுங்கே இருக்கவில்லை. சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி, எந்தச் சொல் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். யாரும் கவலைப்படவில்லை. பேச நேரம் நிறைய இருந்தது.

ஒரு குளிர்காலத்துப் பிற்பகலில் மைதேர் தன் தொழுவத்தில் உலர்ந்த பெரணித் தழைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் எனெகோ ஆடுகளோடு மலைமேல் இருந்தான். அவர்களுடைய நாய் பெல்ச் மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தது. அந்த நாய்க்கு வால் ஆடுகிற வேகத்தில் நாக்கும் ஆடும்.

"விழுந்துட்டாரு, எனெகோ விழுந்துட்டாரு" என்று தொடங்கியது. அதற்குப் பிறகு அது சொன்ன எதையும் மைதேர் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே பக்கத்து வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த மலைகளில் அதுதான் வழக்கம். வீடுகள் தூரம் தூரமாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் 'முதல் அண்டை' என்று ஒரு வீடு உண்டு. பிள்ளை பிறந்தாலும், வீடு பற்றி எரிந்தாலும், சாவு விழுந்தாலும், சொந்தக்காரர்களுக்கு முன்னால் அங்கேதான் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார்கள். மைதேருக்கு முதல் அண்டை ஒசாந்தாவின் வீடு. ஒசாந்தா கொம்பு ஊதினாள். அவள் கொழுந்தன் லோப்பே கயிற்றை எடுத்துக்கொண்டான். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எனெகோ எப்போதும் மேய்க்கிற மேற்குப் பள்ளத்துக்கு எல்லோரும் விரைந்தார்கள். பின்னால் கத்திக்கொண்டே வந்த நாயை யார் கவனிப்பது?

மேற்குப் பள்ளத்தில் எனெகோ இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. பனி கொட்டத் தொடங்கியது. அப்போதுதான் லோப்பே நாயைக் கேட்டான். நாயும் ஒன்று விடாமல் சொன்னது.

"கிழக்குப் பள்ளத்துல, கொம்பு ஒடிஞ்ச ஆட்டைத் தேடிப் போனப்போ, காலையில கஞ்சிகூடக் குடிக்காம, பாவம், நம்ம எனெகோ விழுந்துட்டாரு."

'நம்ம எனெகோ விழுந்துட்டாரு' என்று காதில் விழுந்ததும் ஆண்கள் இறந்தவருக்குச் செய்வதுபோல் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். கிழக்குப் பள்ளம் கஞ்சிக்கும் ஆட்டுக்கும் பின்னால் எங்கோ தொலைந்துபோனது. பனி நின்றதும் காலையில் வந்து பார்க்கலாம் என்றான் லோப்பே. காலையில் கிடைப்பது பிணமாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் தெரியும், மைதேருக்கும் தெரியும். ஒசாந்தா அவள் தோளைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பப் பார்த்தாள்.

மைதேர் அந்தக் கையை விலக்கினாள். "அக்கா, அவர் இல்லாம நான் இறங்க மாட்டேன்" என்றாள். பனியிலேயே மண்டியிட்டு நாயின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"விழுந்தது தெரியும். யார் விழுந்தாருன்னும் தெரியும். எங்கேன்னுதான் எங்களுக்குத் தெரியல. அந்த ஒண்ணை மட்டும் 'விழுந்தாரு'ங்கிற சொல்லுக்கு முதல் அண்டையா வை. நடுவுல வேற எதுவும் குடிவரக் கூடாது. மத்ததெல்லாம் எங்கே வேணா நிக்கட்டும்."

நாய் வாலை ஆட்டாமல் யோசித்தது. அதன் வாழ்நாளில் அப்படி யோசித்ததே இல்லை.

"எனெகோ, ஆட்டைத் தேடிப் போனப்போ, கிழக்குப் பள்ளத்துல விழுந்தாரு."

யாரும் அழவில்லை. எல்லோருடைய கால்களும் கிழக்கே திரும்பின. மைதேர் முன்னால் ஓடினாள்.

பள்ளத்தின் அடியில் எனெகோ மார்பு வரை பனியில் புதைந்து கிடந்தான். ஒரு கால் ஒடிந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. மைதேர் கயிற்றைப் பிடித்து இறங்கி, தன் சால்வையை அவன்மேல் சுற்றி, கத்திக் கத்தி அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். மேலே தூக்கிக் கிடத்திய பிறகு அவன் மெல்லக் கண் திறந்தான். தன்னை யார் கண்டுபிடித்தது என்று கேட்டான்.

லோப்பே பக்கத்தில்தான் நின்றான். கயிறு அவனுடையது, இழுத்த கையும் அவனுடையது. ஆனால் காலையில் பார்க்கலாம் என்று சொன்ன வாயும் அவனுடையதுதான். அந்த இடத்தில் தன் பெயரை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"உன்னை, இந்தப் பனியில, மைதேர் கண்டுபிடிச்சா" என்றான்.

அன்று முதல்தான் பாஸ்க் மக்கள் பேசும்போது மற்றச் சொற்களை முன்னும் பின்னும் இஷ்டம்போல் உலவ விடுகிறார்கள். எந்தச் சொல்லுக்காக ஒருவர் காத்திருக்கிறாரோ, அதை மட்டும் வினைச்சொல்லை ஒட்டி அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, வேறு எதையும் இடையில் நுழைய விடுவதில்லை.