யெகோரின் லேத்

யூரல் மலைப்பக்கம் ஒரு டிராக்டர் தொழிற்சாலை. போரில் செத்துப்போன யெகோரின் பெயரைப் பட்டியலில் அப்படியே வைத்து, அவன் பங்கு வேலையையும் கூட்டாளிகள் தங்கள் லேத்துகளில் செய்துவந்தார்கள். அங்கே அது மரியாதை. யெகோரின் லேத்தை மட்டும் நாலு வருஷமாக யாரும் தொட்டதில்லை.

புதிதாக வந்த இயக்குநர் குஸ்மின், மேலிடத்தில் பேர் வாங்க யெகோரின் பங்கை இரண்டு மடங்காக்கி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லாரையும் கூட்டி, "செத்தவனே இவ்வளவு செய்கிறான். இந்த மாதம் அவனை மிஞ்சாதவனுக்கு இங்கே வேலை கிடையாது" என்றார்.

அவனுக்காக உழைப்பதே அவர்கள்தான். எப்படி மிஞ்சுவது?

லேத்துகள் சீவித் தள்ளும் இரும்புச் சுருள்களைக் கூட்டும் தூஸ்யா விளக்குமாற்றைச் சாய்த்துவைத்தாள்.

"யெகோர் உங்களைத் தேடினார், தோழரே. இவ்வளவு வேலைக்குத் தன் பக்கத்திலேயே ஒரு மேலாள் வேண்டுமாம். உங்கள் பேரைச் சொன்னார்."

"செத்தவன் பேசுவானா?"

"வேலை செய்கிறார் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வேலை செய்கிறவர் பேசமாட்டாரா?"

குஸ்மினுக்கு முகம் வெளுத்தது. அங்கேயே யெகோரின் பெயரை அடித்தார், உத்தரவையும் கிழித்துப் போட்டார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள். தான் விட்ட கதையை நினைத்துச் சிரித்தபடி தூஸ்யா யெகோரின் லேத்தடியைக் கூட்டக் குனிந்தாள். அங்கே புதுச் சுருள்கள் கிடந்தன. தொட்டாள். சுட்டது.