குறுக்கே பேசிய அணிலும் தலையை இழுத்த ஆமையும்

ஒரு காட்டில், ஓர் அணில் ஓர் ஆமையை அவமதித்துவிட்டது. குழந்தைகளே, முதலில் தப்பு செய்தது அணில்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அன்று ஆற்றில் வெள்ளம். கரையிலிருந்த நாவல் மரத்தின் வேரடி மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டிருந்தது. மேலே பொந்தில் அணிலின் மூன்று குட்டிகள். அதைப் பார்த்த ஆமை, தாழ்ந்த கிளையில் இருந்த அணிலைத் தேடி மூச்சிரைக்க மரத்தடிக்கு வந்தது.

"அணிலம்மா, நலமா? நான் வந்தது என்னவென்றால்..."

"நலம், நலம்! வெள்ளம் பார்க்க வந்தீர்களா மாமா?"

அணில் குறுக்கே பேசியதில் ஆமைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஒருவர் பேசும்போது அப்படிச் செய்வதுதான் ஆமைகளிடம் மரியாதை. அவர் முடித்த பிறகும் ஐந்து மூச்சு பொறுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அணில்களின் வழக்கம் வேறு. அடுத்தவர் முடிக்கும் முன்பே கூடச் சேர்ந்து பேசினால்தான் அன்பு. பிடிக்காதவரைத்தான் அவை தனியாகப் பேச விடும்.

"முகத்தைக்கூடக் காட்ட மாட்டீர்களா? என்மேல் என்ன கோபம்?" என்றது அணில்.

ஆமை ஐந்து மூச்சு விட்டுத் தலையை நீட்டியது. "கோபமில்லை. உன் மரத்தில்..."

"பழம் வேண்டுமா? கேட்டால் தர மாட்டேனா! இதற்கா இவ்வளவு வெட்கம்?"

தலை மறுபடி உள்ளே போனது.

"பாருங்கள், மறுபடியும்! நல்ல திமிர் மாமா உங்களுக்கு. போன மழைக்கும் இப்படித்தான்..."

படீரென்று ஒரு வேர் அறுந்தது. பேச்சு மும்முரத்தில் அணிலுக்கு அது கேட்கவில்லை.

ஆமை பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தது. கழுத்தை முழுதாக நீட்டி, குறுக்கே கத்தியது.

"வாயை மூடு! மரம் விழுகிறது! பிள்ளைகளைத் தூக்கு!"

"அப்பாடா! இப்போதுதான் சொந்தக்காரர் மாதிரி பேசுகிறீர்கள்!" என்றபடியே அணில் மேலே பாய்ந்தது. ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுவந்தது. மூன்றாவது குட்டியோடு அது தரையைத் தொட்டதும் மரம் ஆற்றில் சாய்ந்தது.

குட்டிகளைப் புல்லில் விட்டுவிட்டு, அணில் வாலைச் சுழற்றி ஆமையின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டியது.

ஆமை தும்மியது. "இது என்ன?"

"நன்றி, மாமா!"

"இதுவா நன்றி? என் ஓடு காயும்வரை எதிரே வாய் திறக்காமல் உட்கார வேண்டும். எங்களுக்கு அதுதான் நன்றி."

"அவ்வளவுதானே!" என்று அணில் உட்கார்ந்தது. உடனே, "காய்ந்துவிட்டதா மாமா?" என்றது.

"இல்லை. நாளைக்கு வா."

தினமும் காலையில் ஆமை ஈர ஓட்டோடு கரையேறி வருகிறது. அணிலும் தவறாமல் வந்து எதிரே உட்காருகிறது. ஆனால் பாதி முதுகு காய்வதற்குள் அணில் வாய் திறந்துவிடுகிறது. நன்றி இன்னும் பாக்கி.

நீதி: பிறர் காட்டும் மரியாதை நம் வழக்கம்போல் இல்லையென்றால், அதைத் திமிர் என்று எண்ணிவிடாதே.